பால் பல் விழுந்த தொட்டி

இடது கை விரல்கள் கண்ணாடித் தொட்டியின் மணலில் ஒரு சிறு குழி பறித்தன. வலது கையிலிருந்த நீண்ட இடுக்கி, ஒரு செடியின் வேர்நுனியைக் கவ்விக்கொண்டு சாய்வாக உள்ளே இறங்கியது. அடியைத் தொட்டதும் பிடி தளர்ந்தது. ஆனால் இடுக்கி உடனே வெளியே வரவில்லை. லேசாக அசைந்து, மணல் சரிந்து குழியை மூடிய பிறகுதான் வந்தது. செடி நின்றது. கைகள் அடுத்த செடிக்குப் போயின. அன்று மாலைக்குள் நாற்பத்திரண்டு செடிகள்.

அந்தக் கைகள் பதினோரு வருடம் ஒரு தையல் ஆலையில் பிசிறு வெட்டியவை. துணியைக் கிள்ளாமல் நூலை மட்டும் கத்தரிக்கும் வேலை. ஆலையை மூடியபோது அவள் கணவரின் கண்ணாடிக் கடைக்கு வந்து சேர்ந்தாள். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அவர் கண்ணாடி அறுத்துக் கொடுப்பார். கேட்டால் மீன் தொட்டியும் ஒட்டித் தருவார். யாரோ ஒருவர் தொட்டி செய்யச் சொல்லிவிட்டு வாங்க வரவேயில்லை. கடையின் பின்னறையில் சும்மா கிடந்த அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, எதிர்வரிசை வளர்ப்பு மீன் கடைக்காரர் குப்பையில் போட இருந்த ஒரு பிடி செடியை அவள் வாங்கி வந்து நட்டாள். ஒரே மாதத்தில் தண்ணீர் பச்சை மை போல ஆனது.

கண்ணாடிக்காரரின் தங்கை வந்து பார்த்தாள். "என்ன அண்ணி, தண்ணிக்குள்ள கீரைப் பாத்தியா? எப்ப பறிக்கிறீங்கன்னு சொல்லுங்க, அடுப்பைப் பத்த வைக்கிறேன்."

சொல்லித்தர ஆள் இல்லை. ஆலையில் படித்த ஒரு பாடம் மட்டும் அவளிடம் இருந்தது. தையல் கோணினால் இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு திருகைத்தான் திருப்ப வேண்டும்; இரண்டைத் திருப்பினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். அதன்படி முதலில் தொட்டி விளக்கு எரியும் நேரத்தைப் பத்து மணி நேரத்திலிருந்து எட்டாகக் குறைத்தாள். இரண்டு வாரம் வேறு எதையும் தொடவில்லை. பிறகு ஏழு. ஏழில் தண்ணீர் தெளிந்தது. நோட்டில் தேதியோடு எழுதி வைத்தாள். ஆறு வருடத்தில் நான்கு நோட்டுகள் நிரம்பின; பின்னறையில் ஒன்பது தொட்டிகள் சேர்ந்தன.

அவற்றில் அவளுக்குப் பிடித்தது குட்டையாக, பழுப்பும் பச்சையுமாய் அலையலையான இலையோடு வளரும் ஒரு செடி. மீன் கடைக்காரர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொல்வார். அவள் வைத்த பெயர் கோபக்காரி. இருந்த இடத்தில் விட்டால் வருடக்கணக்கில் வளரும். பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் இலையெல்லாம் கூழாகிக் கரைந்துவிடும்.

"யாரைப் பாத்து வச்ச பேரு இது?" என்று கண்ணாடிக்காரர் ஒருமுறை கேட்டார்.

"உங்க தங்கச்சியைப் பாத்துத்தான்."

"நல்லவேளை, நான் வேற நினைச்சேன்."

இத்தனை காலமும் அவள் தொட்டிகளைக் கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. வெளியாள் ஒருவர் வந்து 'எங்கள் இடத்துக்கு ஒன்று வேண்டும்' என்று கேட்டது இதுவே முதல்முறை. கேட்டவர் அடுத்த தெருவில் புதிதாகப் பல் மருத்துவமனை தொடங்கவிருந்த டாக்டரம்மா. காத்திருக்கும் அறையில் குழந்தைகள் பயத்தை மறந்து உட்கார ஒரு தொட்டி வேண்டும். திறப்புக்கு இரண்டு மாதம் இருந்தது. கண்ணாடிக்காரர் அதற்காக ஒட்டிய மூன்றடித் தொட்டியில்தான் நாற்பத்திரண்டு கோபக்காரிகளும் இறங்கின. பக்கவாட்டில் ஒரு வளைந்த மரவேர், அதன்மேல் பாசி.

இரண்டாவது வாரம் அவளுடைய அக்கா மகளுக்குப் பிரசவம். உதவிக்கு எட்டு நாள் போய்விட்டு வந்தாள்.

திரும்பி வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்னறைக்குப் போனாள். தொட்டி பளிச்சென்று இருந்தது. அளவுக்கு மீறிப் பளிச்சென்று. கண்ணாடிக்காரர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடி பாப்போம், என்ன மாறியிருக்கு?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"இது புதுத் தொட்டி! பழசுல பின்பக்கம் பசையில ஒரு குமிழி இருந்துச்சு. கடுகு அளவுதான். ஆனா என் கையால செஞ்சது வெளிய போய் நிக்கும்போது அப்படி நிக்கலாமா? நீ கிளம்பின அன்னிக்கே புதுசு ஒட்டி, அஞ்சு நாள் காயவிட்டு, நேத்து முந்தாநேத்து எல்லாத்தையும் மாத்திட்டேன். ஒவ்வொரு செடியையும் எடுத்து, வேரைக் குழாயடியில அலம்பி, நீ வச்ச வரிசையிலயே நட்டிருக்கேன். மணலைக்கூட ஏழு தண்ணி அலசினேன்."

"நாப்பத்திரண்டையுமா?"

"ஒண்ணு குறைஞ்சா கேளு."

அவள் கண்ணாடிக்கு அருகில் குனிந்தாள். இலைகளின் ஓரம் ஏற்கெனவே கண்ணாடித்தாள் போல ஆகிவிட்டிருந்தது. கோபிக்கவும் முடியவில்லை. முழங்கை வரை நனைந்து, நாற்பத்திரண்டு செடியின் வேரையும் மனிதர் குழந்தைக்குத் தலை அலசுவது போல அலசியிருக்கிறார்.

"ஏங்க, அது பேரு என்னன்னு மறந்துட்டீங்களா?"

கண்ணாடிக்காரரின் முகம் மெல்ல மாறியது. "ஐயையோ" என்றார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து நாளில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. அவள் தினமும் கூழானவற்றைக் கத்தரித்துக் குழாயால் உறிஞ்சி எடுத்தாள். விளக்கை ஆறு மணி நேரமாக்கினாள். மணலைத் தொடவில்லை. முதல் வருடம் இப்படிக் கரைந்த ஒரு செடியைச் செத்தது என்று மணலோடு வாளியில் கொட்டியிருக்கிறாள். ஐந்து வாரம் கழித்து அந்த வாளியிலிருந்து இலை எட்டிப் பார்த்தது. நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். இப்போது திறப்புக்கும் சரியாக ஐந்து வாரம்.

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டரம்மா வந்தார். தொட்டிக்குள் மணலும் மரவேரும்தான்.

"செடி எங்கம்மா?"

"உள்ளதான் இருக்கு டாக்டர்."

"எனக்குத் தெரியலையே. பரவாயில்லை, வருத்தப்படாதீங்க. பிளாஸ்டிக் செடி வாங்கி வச்சுடலாம். குழந்தைங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

கண்ணாடிக்காரர் தப்பு தன்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தார். அவள் கையமர்த்தினாள்.

"டாக்டர், ஒரு குழந்தைக்கு முன்பல் நாலும் விழுந்துட்டா நீங்க பல் செட்டு கட்டுவீங்களா?"

டாக்டரம்மா ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பால் பல்லுன்னு சொல்றீங்க."

"இலைதான் போச்சு. வேர் இருக்கு. ஆட்டிப் பாருங்க."

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டார். அவள் காட்டிய இடத்தில், மணலுக்கு மேல் மிளகளவு நீட்டிக்கொண்டிருந்த ஒரு அடிக்கட்டையைப் பிடித்து, முன்னும் பின்னும் மிக மெதுவாக அசைத்தார். அது தொழில் தெரிந்த கை, பிடுங்கவில்லை, விசாரித்தது.

"ஆடலையே," என்றார். பக்கத்தில் இன்னொன்றையும் அசைத்தார். "இதுவும் கெட்டியா இருக்கு. சரி. திறப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை வரேன். அன்னிக்குப் பச்சை இல்லேன்னா பிளாஸ்டிக்தான்."

அதன்பிறகு கண்ணாடிக்காரர் ஒரு நாளைக்கு இருபது முறை பின்னறைக்குப் போனார். "மண்ணுக்கு எதாவது உரம் போடலாமா? தண்ணி மாத்தலாமா?" ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் கிடைத்தது: "வெளிய வந்து நில்லுங்க." அவர் தங்கையோ, "அண்ணனை அந்த ரூம்ல வச்சுப் பூட்டாதீங்க அண்ணி, வெளிய வச்சுப் பூட்டுங்க" என்றாள்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மரவேருக்குப் பக்கத்தில் ஊசி போலச் சுருண்ட ஒரு இலை. அவள் கூப்பிடவில்லை, அவராகவே பார்க்கட்டும் என்று விட்டாள். பத்து நிமிடத்தில் கடையிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் வந்தது. "முளைச்சிருச்சு!" ஜன்னல் கண்ணாடி வாங்க வந்த ஒருவர், வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது போலும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்தபோது முப்பத்தொன்பது முளைத்திருந்தன. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு லேட்டா முளைக்கும், வழக்கம்தான்" என்றார். "எங்க ஆளுங்களை அனுப்பறேன். செடியைப் பிடுங்கித் தனியா..."

"வேண்டாம்!" கண்ணாடிக்காரர் கத்தியே விட்டார்.

மறுபடி பிடுங்கினால் மறுபடி கரையும். மணலும் செடியும் உள்ளே இருக்கத் தொட்டியைத் தூக்கினாலோ அடிக்கண்ணாடி விரிசல் விடும். அவள் அதற்குமேல் யோசித்து வைத்திருக்கவில்லை. அவர் வைத்திருந்தார். பெரிய கண்ணாடிகளைக் கொண்டுபோகும் பலகையை எடுத்து, மேலே தடித்த நுரை விரிப்பைப் போட்டு, மூன்று வாரம் முன்பே தண்ணீரை வடித்துவிட்டு, தூக்காமல் மேசையிலிருந்து மெதுவாக நகர்த்தித் தொட்டியை அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார்.

"அது எதுக்கு ஏத்துறீங்கன்னு கேட்டப்ப எறும்பு வரும்னீங்களே?"

"தப்பு பண்ணவன் முன்கூட்டிப் பேசக் கூடாதுன்னு இருந்தேன்."

அவள் மணலுக்கு மேல் இரண்டு விரல் அளவு விட்டு மற்றத் தண்ணீரை வடித்தாள். படுத்த இலைகள் மீது ஈரத்துணி போர்த்தினாள். பலகையின் நான்கு மூலையில் நான்கு பேர்: அவள், அவர், அவர் தங்கை, தங்கை கணவர். அடுத்த தெருதான், வண்டியின் குலுக்கலை நம்பாமல் நடந்தே போனார்கள்.

"மெதுவா, மெதுவா! குழி வருது!"

"அண்ணா, நான் தூக்குறது கோபக்காரியையா, உன்னையா? இவ்வளவு கனம்!"

"பேசாம நட. சிரிச்சா மூலை ஆடுது."

காத்திருக்கும் அறையில் தண்ணீர் மெதுவாக ஏற, துணியை விலக்கியதும் இலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. வரவேற்பு மேசையில் இருக்கப்போகும் பெண் அருகில் வந்து பார்த்தாள்.

"மீன் எங்கக்கா?"

"வீடு நல்லா வேர் பிடிக்கட்டும்மா. மூணு வாரம் கழிச்சுக் குடித்தனம் வரும்."

விளக்கு தினம் ஏழு மணி நேரம் எரிந்து தானாக அணையும்படி அமைத்தாள். வாரம் ஒருமுறை எவ்வளவு தண்ணீர் மாற்ற வேண்டும் என்று வாளியில் ஒரு கோடு போட்டு அந்தப் பெண்ணுக்குக் காட்டினாள். பின்பக்கப் பசையைக் கண்ணாடிக்காரர் கடைசியாக ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். குமிழி இல்லை.

"பழுத்த இலையை மட்டும் அடியோட வெட்டுங்க," என்றாள் அவள். "எதையும் பிடுங்காதீங்க. டாக்டரம்மாவையும் பிடுங்க விடாதீங்க."

உள்ளறையிலிருந்து டாக்டரம்மாவின் சிரிப்பு கேட்டது. அவள் இடுப்பில் செருகியிருந்த நீண்ட இடுக்கியை எடுத்துத் துடைத்து, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.