புழு ஆகாத புழுக்காரர்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் சந்தேகம் வந்தால் சென்னப்பனைத்தான் தேடி வருவார்கள். அடுத்த தோட்டக்காரன் நான். அந்த மனுஷனின் கெட்டிக்காரத்தனத்தையும் பார்த்திருக்கிறேன், வறட்டு ரோஷத்தையும் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் அவருக்கு இளைப்பு வந்தது. புழு வளர்க்கிற மனைக்குள் தழை போடப் போனால் நெஞ்சு கீச்கீச்சென்று இழுக்கும். வெளியே வந்தால் அடங்கும். எதனால் என்று எனக்கே புரிந்தது, அவருக்குப் புரியாதா? ஆனால் புழுக்காரனுக்கே புழு ஆகவில்லை என்றால் ஊர் சிரிக்குமே! யார் கேட்டாலும், "எல்லாம் இந்தப் பாழாப்போன பீடியாலங்க" என்பார். பீடியைத் தொட்டறியாத மனுஷன்!

ஒருநாள் மனைக்குள்ளேயே உதடு நீலம் பாரித்துச் சாய்ந்துவிட்டார். நானும் அவர் மனைவி பெரியம்மாளும் தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூச்சு திரும்பியதும் டாக்டரம்மா பீடிப் பழக்கம் உண்டா என்று கேட்க, "உண்டுங்க" என்று அங்கேயும் சாதித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"பொய்யிங்க டாக்டரம்மா! புழு மனைக்குள்ள போனாத்தான் இவருக்கு இழுக்குது. சொல்ல வெக்கப்படறாரு" என்று பெரியம்மாள் போட்டு உடைத்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வருசக்கணக்கா அந்தப் புழுத் தூசி உள்ள போயி, உங்க ஒடம்பு அத எதிரின்னு முடிவு பண்ணிடுச்சுங்க. தூசி பட்டதும் ரத்தத்துல இருக்கற காவல் அணுக்கள் ஒன்னுக்கொன்னு சேதி அனுப்பிக் கூட்டமா சண்டைக்கு வருது. அதுல வீங்கறது உங்க மூச்சுக்குழாய்தான். இழுப்பு நின்னாலும் உள்ள வீக்கம் இருக்கும். அதனால நல்லா இருக்கறப்பவும் இந்த மருந்தைத் தெனமும் உறிஞ்சணும். மனைக்குள்ள இனி போவவே கூடாது."

சென்னப்பனின் குனிந்த தலை வீடு வரும்வரை நிமிரவில்லை.

இப்போது புழுவைப் பார்த்துக்கொள்வது பெரியம்மாள். இவர் மல்பெரித் தழையை வெட்டிக்கொண்டு வந்து வெளியே போட்டுவிட்டு நிற்பார். நேற்று நான் போனபோது கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"நான் கட்டின மனைக்கே நான் ஆவாதவனாப் போயிட்டனேப்பா. இப்படி வெளிய நிக்கறது எவ்ளோ கேவலமா இருக்குது!"

உள்ளிருந்து பெரியம்மாளின் குரல் வந்தது. கோபமே இல்லை அதில்.

"மாசாமாசம் மூணு நாளு, தீட்டு புழுவுக்கு ஆவாதுன்னு என்னைய அங்கதான நிக்க வெப்பீங்க. செவுத்தோரமா வாங்க, அங்கதான் கொஞ்சம் நெழலு இருக்கும்."

அவர் நகரவில்லை. வெயிலிலேயே நின்றார்.