பொட்டு வைத்த லென்ஸ்

என் மனைவியின் அண்ணன் அந்த லென்ஸைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வந்தார். சொம்பு அளவு இருக்கும், பித்தளை உடம்பு. அச்சகத்தில் ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நின்ற பழைய கேமராவின் கண் அது. காலண்டர் சாமி படங்களையும் வெடிப் பெட்டி லேபிள்களையும் இருபத்தாறு வருஷம் அதன் வழியாகத்தான் மச்சான் பிலிமில் ஏற்றினார். கம்ப்யூட்டர் வந்து கேமராவை எடைக்குப் போட்டபோது, முதலாளியிடம் கேட்டு இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நான் விருதுநகரில் இயற்பியல் ஆசிரியர். வானத்தைப் படம் பிடிக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. பெரிய பிலிமுக்கென்று செய்த பழைய லென்ஸ்களில் அகன்ற வானம் ஓரம்வரை கூர்மையாக விழும் என்பதால் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். மதுரையில் எடை குறைந்த ஒன்றைப் பார்த்து, அதையே வாங்குவதென்று முடிவும் செய்துவிட்டேன். இதற்குள் மனைவி அண்ணனிடம் சொல்லிவிட்டாள். "நம்ம லென்சு இருக்கையில மாப்பிள்ளை எதுக்கு வெளிய தேடுறாக?" என்று கேட்டுக்கொண்டே அவர் வீட்டுக்குள் நுழைந்தார்.

"ரொம்பக் கனம் மச்சான், என் ஸ்டாண்டு தாங்காது" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் என்னோடு வானம் பார்க்க வரும் நாலு நண்பர்கள் அன்று கூடத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் எனக்கு வித்தை காட்ட வேண்டியிருந்தது. லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். முன் கண்ணாடியின் நட்டநடுவில் ஒற்றை ரூபாய்க் காசு அளவுக்கு மங்கல்.

"இது என்ன மச்சான்?"

"ஆயுத பூசைக்குப் பொட்டு வச்ச எடம் மாப்பிள்ளை. வருசா வருசம் சந்தனம், குங்குமம் வச்சு, மறுநா தொடச்சிருவேன்" என்றார் பெருமையாக.

நான் சிரித்தேன். "மெஷினுக்கு வைக்கலாம். கண்ணுக்குள்ள போயா வைப்பாக? இருபத்தாறு வருசமா ஒங்க கையாலயே குருடாக்கியிருக்கீக" என்றேன்.

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கை புருஷன் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாத குடும்பம் அது. மச்சான் லென்ஸைத் திரும்பத் துண்டில் சுற்றினார். "சாப்பிட்டுப் போண்ணே" என்று மனைவி கூப்பிடக் கூப்பிட, படியிறங்கிப் போய்விட்டார். அவர் போன பிறகும் அந்தப் பேச்சை இரண்டு தடவை நடித்துக் காட்டினேன். அவ்வளவு அற்பன் நான்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

"பொட்ட எடுத்துட்டேன் மாப்பிள்ளை. வெளக்கு தொலக்குற பவுடர வச்சுத் தேச்சேன். இப்பப் பாருங்க."

பார்த்தேன். பொட்டு இல்லை. மோர் குடித்த டம்ளர் மாதிரி கண்ணாடி முழுக்க வெளுத்துக் கிடந்தது; எதிர்வீட்டுச் சுவர்கூட அதற்குள் தெரியவில்லை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது, உலகமே அப்படித்தான் தெரிந்திருக்கும்.

"போயிருச்சுல்ல?"

"போயிருச்சு மச்சான்."

"அப்ப வச்சுக்கோங்க" என்று என் கையில் அழுத்திக் கொடுத்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது அது என் மேசையில் இருக்கிறது. வரும்போதெல்லாம், "நம்ம லென்சுல என்ன எடுத்தீக?" என்று கேட்கிறார். மதுரை லென்ஸில் எடுத்த படங்களை எடுத்துக் காட்டுகிறேன். மூக்கருகே கொண்டுபோய், நட்சத்திரங்களை விட்டுவிட்டு, படத்தின் நடுவிலேயே வெகுநேரம் தேடுகிறார். "பொட்டு விழல, பாத்தீகளா" என்கிறார்.

முன் கண்ணாடியில் இருக்கும் காசளவு மங்கல் எந்தப் படத்திலும் விழாது. அன்று சிரிக்கும்போதே அது எனக்குத் தெரியும்.