அம்மா கால் நீட்ட ஒரு கார்

இடுப்பெலும்பு முறிந்து கண்டியில் ஆபரேஷன் செய்த பிறகு, அம்மாவால் வலது காலை முழுதாக மடக்க முடியவில்லை. மாதாமாதம் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தலவாக்கலையில் பஸ் ஏற்றுவதற்கே இரண்டு பேர் வேண்டும். ஒருமுறை ஆட்டோவில் கூட்டிப்போனோம். காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, சாரலில் நனைந்தபடியே வந்தவர், வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார்: "இனி நா போகல. வர்றது வரட்டும்."

அதன் பிறகுதான் நானும் என் கணவரும் கார் வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

நான் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை. அவர் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறார். இறக்குமதித் தடையால் வெளிநாட்டுக் கார்கள் வருவது நின்றிருந்த வருஷங்களில் பழைய கார்களின் விலையும் ஏறிப்போயிருந்தது. எங்கள் கைக்கு எட்டியவையெல்லாம் நன்றாக ஓடிக் களைத்தவைதான். வீட்டில் எனக்கு மட்டும்தான் லைசன்ஸ் இருந்தது. ஆனாலும் போன இடமெல்லாம் விற்பவர்கள் அவரிடமே பேசினார்கள். பானட்டைத் திறந்து அவருக்கே காட்டினார்கள். ஒன்றும் விளங்காவிட்டாலும் அவர் குனிந்து பார்த்து, "ம்" என்பார்.

ஹட்டனில் பார்த்த சிவப்புக் கார் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புது சீட் உறை, பளபளப்பான பெயின்ட், சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட். நான் பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன். நன்றாகச் சுட்டது.

"எங்கயாச்சும் போயிட்டு வந்தீங்களா?" என்று விற்பவரிடம் கேட்டேன்.

"இல்ல டீச்சர், கழுவுறதுக்கு எடுத்துட்டுப் போனேன்" என்றார். கார் காய்ந்தே இருந்தது.

மறுநாள் விடிந்ததும், எஞ்சினைச் சூடாக்கி வைக்கும் முன்பே, சொல்லாமல் போய் நின்றோம். விற்பவரின் முகம் மாறியது. எஞ்சின் பலமுறை இருமி, ஒருவழியாகப் பிடித்தது. பின்னால் நீலப் புகை கிளம்பி மதிலை மறைத்தது. "குளிருக்கு அப்படித்தான்" என்றார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் கணவர் ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், "கலர் நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பூண்டுலோயாவில் ஒரு வெள்ளைக் கார் இருப்பதாகத் தெரியவந்தது. அதன் சொந்தக்காரி ஒரு சிங்கள அம்மா. தோட்டங்களில் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் 'மிஸ்'; எங்கள் தமிழையே பேசினார். கண்பார்வை குறைந்ததால் காரை விற்கிறார். பெயின்ட் மங்கி, ஒரு கதவு நசுங்கியிருந்தது. பானட்டைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"ஓட்டப் போறது யாரு?" என்று கேட்டார்.

"நாந்தாங்க மிஸ்."

சாவியை என் கையில் வைத்தார். "வெறுங்காரா ஓட்டிப் பாக்காதீங்க. எல்லாரும் ஏறிக்கங்க. மேல லயத்து வீடுங்க வரைக்கும் ஏத்திப் பாருங்க. காலையில ரெண்டாவது கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும், அதையும் சொல்லிட்டேன்."

அம்மாவையும் அன்று அழைத்துப் போயிருந்தோம். அவர் பின் கதவருகே போய், "என்னய பின்னாடியே போடுங்க" என்றார். ஆனால் கால் உள்ளே போகவில்லை. மருத்துவிச்சி முன் கதவைத் திறந்து, சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளி, "முதுகு மொதல்ல உள்ள போகட்டும், கால் அப்புறம்" என்று சொல்லி அம்மாவின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினார். அம்மா உட்கார்ந்துவிட்டார். கால் நீண்டிருந்தது. பெரிய குற்றம் செய்தவர் போல என்னைப் பார்த்து, "முன்னாடியா?" என்றார்.

ஏற்றத்தில் கார் நிதானமாக ஏறியது. வெப்ப முள் நடுவை விட்டு நகரவில்லை. இறக்கத்தில் பிரேக்கும் சரியாகப் பிடித்தது.

ஆனாலும் தலவாக்கலையில் ஒரு கராஜில் காரைத் தூக்கிப் பார்த்தோம். பின் சீட்டுக்கு அடியில் தகரம் துருவேறி, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கூட வந்திருந்த மருத்துவிச்சி டார்ச்சை வாங்கித் தானே குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இது எனக்குத் தெரியாது. சத்தியமா" என்றார்.

"பரவாயில்லைங்க மிஸ், நாங்க பாத்துக்கிறோம்" என்றார் என் கணவர். நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

"இல்ல. இத அடைக்காம தரமாட்டேன். கொஞ்ச நாள் பொறுங்க."

பொறுத்தோம். போன் வராத ஒவ்வொரு நாளும், வேறு யாருக்காவது விற்றுவிட்டாரோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். போய்ப் பார்த்தபோது புதுத் தகரம் வைத்து ஒட்டி, மேலே கறுப்பு பூசியிருந்தது. பணத்தைக் கொடுத்துக் காரை எடுத்தோம். எங்களை அனுப்பிவிட்டு அவர் வாசலில் நிற்கவில்லை. உடனே உள்ளே போய்விட்டார்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மா மறுபேச்சின்றிக் கிளம்பினார். போகும்போது கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தவர், திரும்பும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கொத்மலைப் பக்கம் மழை பிடித்தது. வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் மூட்டையோடு ஒரு பெண் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

"நிப்பாட்டு. அந்தப் புள்ள நனையுது" என்றார் அம்மா.

நிறுத்தினேன். அந்தப் பெண் மூட்டையோடு பின் சீட்டில் என் கணவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தலவாக்கலை வரும்வரை கார் முழுக்க லீக்ஸ் வாசம். எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள் என்று அம்மா முன் சீட்டிலிருந்து விசாரித்துக்கொண்டே வந்தார்.