எங்கள் அணியின் இரண்டு ஷூட்டர்கள்

உத்தமபாளையத்துப் பக்கம் நான் படித்த பள்ளியில் ஒரு சிமெண்ட் கூடைப்பந்துத் தளம் இருந்தது. பந்து வெளியே ஓடினால் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து போய்த்தான் எடுக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் பள்ளிப் பெண்கள் அணியின் கார்டுகள். பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் கொடுத்து ஆட்டத்தை நடத்துவதும், எதிராளி ஓடிவந்தால் முதலில் மறிப்பதும் கார்டின் வேலை. நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. பந்து கைக்கு வந்தால் ரிங்கைத்தான் பார்ப்போம்.

அவளுக்குத் தகப்பன் இல்லை. அம்மா தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். அவளுக்கு ஒல்லியான கை, ஆனால் எந்த மூலையிலிருந்து எறிந்தாலும் விழும். நான் பாளையத்து ராவுத்தர் வீட்டுப் பெண். முழுக்கால் பேண்ட் போட்டு ஆடுவதென்றால் ஆடு என்று அத்தா விட்டுவிட்டார்.

எவ்வளவு போட்டாலும் அதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு தோற்றோம். பி.டி. டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் போட மட்டும் தெரியுது. தடுக்குறதுக்கு வெளியூர்லருந்தா ஆள் வருவாக? ஒருத்தி உக்காரு."

ஒரு ஆட்டத்தில் அவளை உட்காரவைத்தார், அடுத்ததில் என்னை. ஆடுகிற ஒருத்தியை எதிரணி இரண்டு பேர் வைத்து மடக்கினார்கள். அப்போதும் தோற்றோம்.

வழி கண்டுபிடித்தது அவள்தான். "நான் போட்டா நீ திரும்பி நம்ம பக்க ரிங்கத் தடுக்க ஓடிரு. நீ போட்டா நான் ஓடுறேன். விழுந்துச்சான்னு நின்னு பாக்கக் கூடாது, என்ன?"

பார்க்காமல் ஓடுவது சுலபமாக இல்லை. அவள் எறிந்த பந்து காற்றில் இருக்கும்போதே முதுகைக் காட்டி ஓட வேண்டும். பின்னால் கூச்சலைக் கேட்டுத்தான் விழுந்ததா என்று தெரியும். பழகப் பழக அந்தக் கூச்சலுக்காகவே ஓடினேன். டீச்சர் மறுபடி இருவரையும் சேர்த்தே இறக்கினார். மாவட்டப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம்.

பெரியகுளத்தில் ஆட்டம். காலையில் பள்ளி வாசலில் வேனில் ஏறிக்கொண்டிருந்தோம். அவள் தெருக்காரர் ஒருவர் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏலத்தோட்டத்து ஜீப்பு மலையேறுற மெட்டு ரோட்டுல கவுந்துருச்சு. ஒங்காத்தாளத் தேனிக்குக் கொண்டு போயிருக்காக."

அவள் ஏறிய படியிலிருந்து இறங்கினாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அவரோடு போய்விட்டாள்.

அவள் இடத்தில் ஆடிய பெண்ணைக் குறை சொல்ல முடியாது. நன்றாகத் தடுத்தாள், கிடைத்த பந்தையெல்லாம் எனக்கே கொடுத்தாள். நான் எறிந்துகொண்டே இருந்தேன். எறிந்துவிட்டு நின்று பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு எங்கள் ஓட்டம் பழக்கமில்லை; திரும்பினால் எங்கள் பக்கம் வெறிச்சென்று கிடந்தது. பிற்பாதியில் இரண்டு பேர் என்னை மடக்கினார்கள். தோற்றோம். சிறந்த ஆட்டக்காரி என்று எனக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்தார்கள். கைதட்டல் முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "செயிச்சீகளா கண்ணு?" என்றார்.

"இல்லம்மா. தோத்துட்டோம்."

"என்னாலதான். எம்பொண்ணு வந்திருந்தா செயிச்சிருப்பீக. நேத்து ஒரு நாள் வேணாம்னு வீட்ல இருந்திருக்கலாம். பாவி, ஜீப்புல ஏறிட்டேன்." அழுதார். இடுப்பு வலியில் சரியாக அழவும் முடியவில்லை.

"பேசாமப் படு ஆத்தா," என்றாள் அவள்.

அதன்பின் அவள் பள்ளிக்கு வரவில்லை. அம்மா போன அதே வேலைக்குப் போனாள். டீச்சர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். "நீங்க சொல்லிட்டுப் போயிருவீக டீச்சர். எங்காத்தாளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?" என்று கேட்டாளாம்.

காலையில் நான் பயிற்சிக்கு வரும் நேரத்தில் தளத்தை ஒட்டிய ரோட்டில் ஜீப்புகள் கம்பம் ஊரைப் பார்க்கப் போகும். உள்ளே இடமில்லாமல் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவாள். முதலில் கையாட்டினாள். பிறகு தளம் வரும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நானும் ரோட்டைப் பார்ப்பதை விட்டேன்.

சில வருடம் கழித்து அவள் அம்மா இறந்த சேதி வந்தது. அப்போது நான் கல்யாணமாகிக் கம்பத்தில் இருந்தேன். போனேன். உடலை எடுத்துக்கொண்டு ஆண்கள் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஏலக்காய் எடுத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் வந்திருந்தா செயிச்சிருப்பமாடி?" என்றாள் திடீரென்று.

"தெரியலடி."

"ஆத்தா அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடந்துச்சு, கடைசி வரைக்கும். நான் ஒரே பதிலச் சொன்னேன். 'ரெண்டு பேரும் போடுற புள்ளைக ஆத்தா, தடுக்க ஆளில்லாத டீமு. நான் போயிருந்தாலும் தோத்துத்தான் வந்திருப்போம்'னு."

"நம்புனாகளா?"

உள்ளேயிருந்து வீடு கழுவத் தண்ணீர் கேட்டார்கள். அவள் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.