மோதிர விரலில் ஒரு துளி

போன வருஷம் மழைக்காலத்தில், இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் நடந்தது இது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எனக்குத் தொழுநோய் என்று கண்டுபிடித்திருந்தார்கள். நான் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையில் சூட்டுக் குழாயில் கை பட்டுத் தோல் கருகியும் எனக்கு வலியே தெரியவில்லை; இந்த நோயில் அப்படி மரத்துப்போகுமாம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவிதான் பார்த்துப் பதறினாள். மருந்து தொடங்கியாயிற்று, இனி யாருக்கும் தொற்றாது, முழுசாகக் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும், அதற்கு முன்னாலேயே அவளுக்குக் கொடுத்துவிட்டேனோ என்ற பயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. தனித் தட்டு, தனிப் பாய் என்று நான் ஒதுங்கினால், "ரொம்பத்தான் பண்ணாதீங்க" என்று தட்டைப் பிடுங்கித் தன் தட்டோடு சேர்த்துக் கழுவுவாள்.

வீட்டில் இருப்பவர்களின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு ஏதாவது உண்டாக்கியிருக்கிறதா என்று அதில் தெரியுமாம். முதலில் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து கை நரம்பில் எடுக்கச் சொன்னார்கள். நாள் முழுக்க மலையேறித் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமக்கிறவள், குழாய் நிறைய இரத்தம் என்றதும் முடியவே முடியாது என்றுவிட்டாள். விரலில் குத்தி, தடித்த காகிதத்தில் சொட்டவிட்டுக் காயவைத்தாலும் போதும் என்று ஒரு நர்ஸ் மிஸ் வீட்டுக்கே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷி.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் இவள் வந்திருந்தாள். கையைக் கழுவி, வலது கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மிஸ் ஆள்காட்டி விரலில் குத்தினார். அவள் அசையவில்லை.

"எப்ப குத்துவீங்க மிஸ்?"

"குத்தியாச்சே அக்கா. நோகேல்லையோ?"

"இல்லியே."

என் கையும் இப்படித்தானே செத்துக் கிடந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாள். "பரவாயில்ல விடுங்க. ரெண்டு பேரும் சேந்தே மாத்திர போட்டுக்குவோம்" என்றாள். பாவி, அந்த நேரத்திலும் என்னைத் தேற்றுகிறாள்.

மிஸ் அந்த விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு இரத்தம்கூட இல்லை. வருஷக்கணக்கில் கொழுந்து கிள்ளிக் கறுத்து, காய்த்துப்போன விரல் அது.

"ஊசி தோலைத் தாண்டவே இல்லை அக்கா. என்ர பிழைதான், கொழுந்து எடுக்கிற விரலில குத்திப்போட்டன்" என்று சிரித்தபடி, புது ஊசி எடுத்து இடது கை மோதிர விரலில் குத்தினார்.

"அய்யோ, அம்மா!" லயமே கேட்கும்படி கத்தினாள். "எல்லாம் இந்த மனுஷனாலதான்" என்று என் தோளில் ஒன்று வைத்தாள். காகிதத்து வட்டத்தில் சிவப்பாக ஒரு துளி பரவியது. நான் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மிஸ் பஞ்சால் அவள் கைகால் எல்லாம் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்றார். "இரத்தத்தில என்ன வந்தாலும் அதை மட்டும் வச்சு நோயெண்டு சொல்லேலாது. தோலையும் விடாமப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவரை தோலில் ஒன்றுமில்லை.

இன்றைக்கும் அடுப்படியில் அவள் "ஸ்ஸ், சுட்டுருச்சு" என்று கையை உதறினால், தண்ணீரோடு ஓடுகிற நான், மனசுக்குள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேதான் ஓடுகிறேன்.