சீனி போடாத பால்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, மூன்று நாட்கள் தொடர்ந்து மாமிக்குரிய பாலை நான் குடித்தேன். களவெடுத்துக் குடிக்கவில்லை. மாமியே தந்து, மாமியே அறைக் கதவைச் சாத்தி, “கெதியாக் குடி” என்று மாமியே அவசரப்படுத்திக் குடிக்க வைத்த பால் அது. ஆனாலும் இந்தக் கதையில் குற்றவாளி யார் என்று கேட்டால் முதலில் நான்தான் கையைத் தூக்க வேண்டும்.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. மூதூரில் கலியாணம் முடித்து அங்கேயே வாழ்ந்தவர். கணவர் இறந்த பிறகு திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அவருடைய ஒரே மகன் சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், திரும்பி வரவில்லை. நான் பிறப்பதற்கு முதல் நடந்தது. அந்த மச்சானைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் கதைப்பதில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று மாமி மட்டும் சொல்லுவார், சோறு வெந்துவிட்டது என்று சொல்லும் அதே குரலில்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் கந்தசஷ்டிக்கு மாமி ஆறு நாளும் விரதம் பிடிப்பது மச்சான் வந்து சேரவேண்டும் என்பதற்காக. அதிலும் சும்மா விரதம் இல்லை, மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, அப்படியே கூட்டிக்கொண்டு போய் ஆறாம் நாள் ஆறு. இடையில் தண்ணீர் குடிக்கலாம். ஊரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் அது ஏலும். மாமிக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வருடம் மாமிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, என்று சொல்லிவிட்டார்கள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய், கடதாசி உறைகளில் மருந்துக் குளிசைகளோடு வருவார். ஒருமுறை இரண்டு நாள் குளிசை போடாமல் விட்டதற்கு அங்கே ஒரு நேர்ஸ் மிஸ் எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டாவாம். அன்றிலிருந்து மாமி குளிசையை நேரம் தவறாமல் போடுவார். அப்பா மிளகு விரதத்தை அடியோடு தடை செய்தார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பின்னேரத்தில் பாலும் பழமும் எடுக்கிறேன் என்று மாமி இறங்கி வந்தார். அப்பா தான் வென்றுவிட்டதாக நம்பினார்.

பின்னேரம் பூசை முடிந்ததும் அம்மா ஒரு தம்ளர் பாலும் இரண்டு கதலிப் பழமும் தட்டில் வைத்துத் தருவா. அதைச் சாமியறைக்குக் கொண்டுபோவது என் வேலை. உள்ளே போனதும் மாமி கதவைச் சாத்துவார். நான் பாலைக் குடித்து, பழத்தை விழுங்கி, தோலைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவருவேன். மாமி அன்றைக்குரிய மிளகை எடுத்துக் கண்களில் ஒற்றி வாயில் போடுவார். “கொம்மாவுக்குச் சொன்னியெண்டா உன்ர மச்சான் வரமாட்டான்” என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். நான் பிறகு எங்கே வாயைத் திறப்பது? சீனி வருத்தக்காரிக்கென்று அம்மா அந்தப் பாலில் ஒரு கரண்டி சீனிகூடப் போடுவதில்லை. அதைக் குடிப்பதுதான் மச்சானுக்காக நான் செய்யும் தியாகம் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

கடவுளையும் விடவில்லை, கிளினிக்கையும் விடவில்லை மாமி. வெறும் வயிற்றில் மிளகும் தண்ணீரும், அதற்கு மேல் தவறாமல் சீனிக் குளிசை. இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுக்கப் பார்த்தார்.

இனிப் பாமசி நானாவைச் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கை முடிந்து பெரிய வீதி தொடங்கும் இடத்தில் அவருடைய மருந்துக்கடை. கிண்ணியாக்காரர், முஸ்லிம்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். கடை வாசலில் மருந்து வந்த காட்போட் பெட்டிகளை வெளியே வைத்தால், வீதியில் திரியும் மான்கள் வந்து சப்பிக்கொண்டு நிற்கும். உள்ளே போனால் நானாவின் கேள்விகள். யாருக்கு, என்ன வயசு, வேற என்ன குளிசை போடுற, குடல் புண் இருக்கா, பிள்ளைத்தாச்சியா. கடலுக்குப் போகிறவர்கள் முதுகு நோவுக்கு ஐந்து குளிசை கேட்டால் இரண்டைக் கொடுத்து, நாளைக்கும் நொந்தால் டொக்டரிடம் போ என்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லாய் வேலை செய்த குளிசை என்று வெறும் அட்டையைக் காட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்றும் கொடுக்கமாட்டார். “அவரிட்ட மருந்து வாங்கிறதும் பொலிசில வாக்குமூலம் குடுக்கிறதும் ஒண்டுதான்” என்று அப்பா சொல்லுவார். ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால் அப்பா ஓடுவது அந்தக் கடைக்குத்தான்.

நான்காம் நாள் சனிக்கிழமை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா குசினியில் மீனில்லாத சமையலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தா. பத்து மணியளவில் மாமி என்னைச் சாமியறைக்குக் கூப்பிட்டார். பாயில் இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கை தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“சீனி கூடியிட்டுது போல,” என்றார். “நானாட்டப் போய் இதில ரெண்டு குளிசை வாங்கிக்கொண்டு ஓடி வா.”

கிளினிக்கில் தந்த வெற்று உறையைத் தந்தார். குளிசை கைவசம் நிறைய இருந்தது. ஆனால் அதில் கைவைத்தால் அடுத்த கிளினிக்குக்கு முதல் குறைந்துபோகும், அந்த மிஸ் திரும்பவும் ஏசுவா. அதனால் மேலதிகமாகப் போடுவதற்குக் கடையில் வாங்கவேண்டும். சீனி வருத்தக்காரருக்குத் தலை சுற்றினால் சீனி கூடிவிட்டது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அது குறையவும் கூடும், குறைந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று யாருக்கும் தெரியாது.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நான் இடையில் புகுந்து உறையை நீட்டினேன்.

“யாருக்கு புள்ள?”

“மாமிக்கு. சீனி கூடியிட்டுது. ரெண்டு குளிசை வேணுமாம்.”

“கூடினதெண்டு யார் சொன்ன?”

“மாமிதான். வேர்க்குது, கை நடுங்குது, கண் இருட்டுதாம்.” பிறகு, அவர் கேட்பதற்கு முதலே, பாடமாக்கி வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். “மாமி விரதம். ஆனா ஒவ்வொரு நாளும் பாலும் பழமும் சாப்பிடுறவ.”

நானா உறையைக் கீழே வைத்தார். “நேத்துப் பால் குடிச்சதை நீ கண்டயா?”

கண்டேன் என்று சொல்லியிருக்கலாம். நானும் கண்டேன்தானே, என் வாய்க்குள் போனதை. ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் வரவில்லை, அழுகைதான் வந்தது. “நான்தான் குடிச்சனான்,” என்றேன். “மூண்டு நாளும் நான்தான் குடிச்சனான்.”

“அப்ப மாமி என்ன சாப்பிட்ட?”

“மிளகு.”

அவருக்கு விளங்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்தான் விளங்கப்படுத்தினா. “மிளகு விரதம் நானா. மிளகும் தண்ணியும்தான். வேற ஒண்டும் பல்லில படாது.”

“குளிசை போட்டவவா?”

“ஓம்!” என்றேன் அழுகைக்குள்ளும் பெருமையாக. “காலையிலயே போட்டவ. மாமி ஒரு நாளும் குளிசை விடமாட்டா.”

“யா அல்லாஹ்” என்று மட்டும் சொன்னார். குளுக்கோஸ் பெட்டி ஒன்றையும் சீனி பார்க்கும் சின்ன மெஷினையும் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்றவர்களை வெளியே அனுப்பி, கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமை பள்ளிக்குத் தொழப் போகும் நேரத்தைத் தவிர வேறெந்த நேரத்திலும் அந்தக் கதவு பூட்டி நான் கண்டதில்லை. என்னை மோட்டார் சைக்கிளில் முன்னால் ஏற்றினார்.

நாங்கள் போகும்போது மாமி பாயில் சரிந்து படுத்திருந்தார். அம்மா பதறிப்போய் விசிறிக்கொண்டிருந்தா. நானா செருப்பைக் கழற்றிவிட்டு, சாமியறைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே குந்தினார். மெஷினை அம்மாவிடம் கொடுத்து எப்படிக் குத்துவது என்று சொன்னார். அதில் வந்த இலக்கத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து அம்மாவிடம் நீட்டினார்.

மாமி வாயை இறுக்கிக்கொண்டார்.

அம்மா கெஞ்சினா, பிறகு ஏசினா, பிறகு தலையைத் தூக்கிப் பருக்கப் பார்த்தா. தண்ணீர் கழுத்து வழியே வழிந்தது. மாமி நானாவைப் பார்த்துச் சொன்ன பேச்சு இழுபட்டு இழுபட்டு வந்தது. “இன்னும் ரெண்டரை நாள்தான் தம்பி. இப்ப முறிச்சா இவ்வளவு வருசமும் பிடிச்சது எல்லாம் வீண். அவன் வரமாட்டான்.”

நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மாமி செத்துப்போவார் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. குடித்தால் மச்சான் வரமாட்டார் என்பதும் தெரியும். எது நடந்தாலும் நான் குடித்த பாலால்தான் நடக்கும் என்று நினைத்தேன்.

“விடுங்க தங்கச்சி, பருக்காதீங்க,” என்றார் நானா அம்மாவிடம். பிறகு மாமியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். “அக்கா, காலையில குளிசை போட்டீங்க. அதால விரதம் முறிஞ்சு போச்சா?”

“அது மருந்து,” என்றார் மாமி.

“இதுவும் மருந்துதான். பாமசியிலதானே கிடந்த. சாப்பாடெண்டா நான் ஏன் விக்கப் போறன்? எங்கட நோன்புலயும் அப்பிடித்தான் அக்கா. மருந்து குடிச்சா நோன்பு முறியாது. குளிசையோ தண்ணிமருந்தோ, பகல்லயே குடிப்பம். நான் அஞ்சு நேரமும் தொழுற மனிசன். உங்கட சாமிக்கு முன்னால நிண்டு பொய் சொல்லுவனா?”

மாமி அவரைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நானாவும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மாமி கையை நீட்டினார். அம்மா தம்ளரைப் பிடித்துக்கொள்ள, கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்து முடித்த பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்படி ஒரு அழுகையை அந்த வீட்டில் நான் அதற்கு முதலும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. ஆனால் குளிசை இன்னும் உடம்புக்குள் இருக்கிறது, திரும்பவும் இறங்கும் என்று சொல்லி நானா ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டொக்டருக்குக் காட்டச் சொல்லி எல்லாவற்றையும் ஒரு கடதாசித் துண்டில் எழுதியும் கொடுத்தார். பால் யார் வயிற்றுக்குள் போனது என்பதை மட்டும் அதில் எழுதவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆறாம் நாள், கோயிலில் சூரன்போர் நடந்த அன்று, மாமி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தார்.

அடுத்த வருடம் விரத காலம் வருவதற்கு முதலே பாமசிக் கண்ணாடியில் ஒரு காட்போட் மட்டை தொங்கியது. சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை போடுகிறவர்கள் விரதம் தொடங்க முதல் டொக்டரிடமோ இங்கேயோ கேட்கவும் என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. கேட்டும் போனார்கள். சைவ விரதம் எதில் பால் எடுக்கலாம், எதில் உப்பில்லை, எதில் ஒருநேரச் சோறு என்று ஐயர்மாருக்குச் சமமாக நானாவுக்கும் தெரிந்திருந்தது. இப்ப சாமிக்கும் சேர்த்து விசாரணை தொடங்கிட்டார் என்று அப்பா சிரித்தார். மாமி பாலும் பழமும் எடுத்தார். சீனி போடாத அந்தப் பாலை அவரே குடித்தார். மிளகுப் பேச்சை எடுக்கவேயில்லை.

பல வருடங்கள் கழித்து எனக்குக் கிண்ணியாவில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நோன்பு மாதத்தில் பக்கத்து மேசைக்காரி தலையிடியால் துடித்துக்கொண்டிருந்தா. ஒரு பெனடோல் போடுங்கோவன், மருந்துக்கு நோன்பு முறியாதுதானே என்றேன். அவ அந்த நோவோடும் சிரித்துவிட்டா. “யார் சொன்ன? ஒரு குளிசை தொண்டைக்குள்ள போனா முறிஞ்சிரும். ஏலாத வருத்தமெண்டா நோன்பை விட்டுட்டுப் பிறகு பிடிப்பம்.”

அன்றைக்கு நானா பொய்தான் சொல்லியிருக்கிறார். கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்த மனிதர், ஒரு உயிருக்காகத் தன் நோன்பைப் பற்றியே பொய் சொல்லியிருக்கிறார். பாவம் மாமி, ஒன்றும் தெரியாமல் நம்பிவிட்டார் என்று மூதூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு பஸ்சில் வரும்போது நினைத்தேன். நினைத்த உடனேயே வேறொன்று ஞாபகம் வந்தது. மாமி மூதூரில் பதினேழு வருடம் குடும்பம் நடத்தியவர். இரண்டு பக்கத்து வீடும் முஸ்லிம் வீடு. எத்தனை மணிக்கு நோன்பு திறக்கும், எது முறிக்கும், எது முறிக்காது என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கக்கூடியவர்.

மாமிக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவ்வளவு நேரம் அந்த முகத்தைப் பார்த்தார், தெரிந்துகொண்டுதான் கையை நீட்டினார். விரதம் முறிந்துவிட்ட துக்கத்தில் அழுகிறார் என்று நான் நினைத்தேன். மகன் வராவிட்டாலும் தனக்கு உயிரோடிருக்க ஆசை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட ஒரு தாய் அழுகிறாள் என்று பத்து வயதில் எனக்கு எப்படி விளங்கும்.