தம்பியின் விசாரணை நாள்

மனநலச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று அவளுக்குப் பெயர். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர். புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கும் பராமரிப்பு விடுதி ஆட்களுக்கும் அவள்தான் வகுப்பெடுப்பாள். "ஒருத்தரப் பூட்டி வைக்கணும்னா தக்க காரணம் வேணும். நமக்குத் தொந்தரவுங்கறது காரணமே இல்ல" என்று மேசையைத் தட்டுவாள். நோயாளியைக் கைகழுவ வரும் சொந்தக்காரர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அவளுடைய சொந்தத் தம்பி வேறோர் ஆஸ்பத்திரியில் அடைபட்டிருந்தான். அதற்கு முன் அவள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தான். ராத்திரியெல்லாம் தாழ்ப்பாள்களைச் சரிபார்ப்பான். அக்கா மூச்சு விடுகிறாளா என்று கட்டிலருகே வந்து குனிந்து பார்ப்பான். பாசம்தான், யார் இல்லை என்றது? அந்தப் பாசத்தில் பொட்டுத் தூக்கமில்லாமல் அவள் நொந்து நூலாகிப் போனாள். இப்போது பின்னறையில் அவள் மகள் படிக்கிறாள். அக்காவும் படுத்ததும் தூங்குகிறாள்.

இந்த நேரம் பார்த்து தம்பியின் டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். "நல்லாத் தேறிட்டார்மா. அவரே விடுதலை கேட்டு மனு போட்டிருக்கார். விசாரணைக் குழு விட்டுடும். நேரா உங்க வீட்டுக்குத்தான்."

ஊரெல்லாம் நியாயம் பேசுகிறவள், வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்?

விசாரணை அறையில் குழுவினர் மூன்று பேர். தம்பி சவரம் செய்து, கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தான். மாத்திரை? வேளாவேளைக்குப் போடுகிறான். கோபம்? வருவதில்லை. குழுத் தலைவருக்கு முழுத் திருப்தி. சம்பிரதாயத்துக்கு அவள் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்றார்.

நோயாளி சொல்வதைவிட, தங்கள் கண்முன் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைத்தான் குழு நம்பும். அது அவளுக்குத் தெரியும். அங்கே வேறு யாருக்கும் தெரியாத ஒன்றும் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் தம்பிக்குப் பேச்சு வரத் தாமதமானது. அப்பா ஒரு பட்டப்பெயர் வைத்தார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் பெல்ட்டை உருவுவார். அந்தச் சொல் காதில் விழுந்தால் இன்றைக்கும் அவன் அவனாக இருக்கமாட்டான்.

அவள் தம்பியின் தலையைக் கோதினாள். "எங்க ஊமைக்கோட்டான் இவ்ளோ அழகாப் பேசுவான்னு நான் நெனைக்கவே இல்ல சார்" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

தலைவரும் சிரித்தார். அடுத்த நொடி நாற்காலி சுவரில் மோதியது, தண்ணீர் ஜக் நொறுங்கியது. வார்டு ஆட்கள் ஓடிவந்து அவனைத் தரையோடு அமுக்கினார்கள். மனு தள்ளுபடி.

"இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். அவருக்குத்தான் புரியல" என்று நர்ஸ் அவள் தோளைத் தட்டினாள். அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. நிம்மதியாக இருந்தது.

ஊசி போட்டுக் கட்டிலில் கிடத்தியிருந்த தம்பி அவள் கையைத் தேடிப் பிடித்தான். நாக்குக் குழறியது.

"அக்கா... நீ ஆசையாத்தான் கூப்பிட்ட. நான்தான் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுக்கா."

"பரவால்லடா. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அடுத்த தடவையும் நீ வருவியா?"

"வராம இருப்பேனா?" என்று போர்வையை இழுத்துவிட்டாள்.